எச்சில் ஊசி

மனித உடம்பிலிருந்து வெளியே வரக்கூடிய எல்லாவற்றையும் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவள் நான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அதுதான் என் உத்தியோகம். சளி, சீழ், பெயர் சொல்லாமல் விட வேண்டிய இன்ன பிற. பார்த்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைத் துளி மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டு எழுவேன். குமட்டல் என்பதே எனக்கு அகராதியில் பார்த்த சொல்தான். அப்படிப்பட்டவளை, ஓய்வுபெற்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளை, வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓட வைத்த புண்ணியவான் உலகத்தில் ஒருவர்தான். என் தங்கையின் கணவர்.

அவர் செய்தது இதுதான். வலது கை ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டார். ஆற அமரச் சப்பினார். அந்த ஈர விரலை ரெக்கார்ட் பிளேயரின் ஊசிக்கு அடியில் கொண்டுபோய், கன்றுக்குட்டிக்குத் தாடை சொறிந்து விடுவதுபோல் தடவினார். விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த சாம்பல் நிறப் பஞ்சை ஆசையாகப் பார்த்தார். அடுத்த தடவலுக்கு ஈரம் வேண்டுமே? அதே விரலை, அந்தப் பஞ்சோடு, மறுபடியும் வாயில் வைத்தார்.

"ஊசியைச் சுத்தம் பண்றேன் அண்ணி," என்றார், நான் திரும்பி வந்ததும். "ஏன், உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் கலங்கியிருக்கே."

முகத்துக்கு நேரே அவர் எனக்கு மாப்பிள்ளை. முதுகுக்குப் பின்னால் காதுத்துரை. உத்தியோகத்தில் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்கின்றனவா என்று அளப்பார். மயிரிழை தப்பியிருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். இந்த உலகத்தில் சரியாக அளக்கத் தெரிந்தவர் தாம் ஒருவரே என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. பாட்டுக் கேட்பதிலும் அப்படியே. "உங்களுக்கெல்லாம் காது இருக்கு, எனக்குக் கேள்வி ஞானம் இருக்கு," என்பார்.

அவருடைய பாட்டு அறையை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்கக்கூட வேண்டாம், மாடிப்படியில் கால் வைக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். வெளிச்சத்தம் வரக் கூடாதென்று ஜன்னலைப் போர்வையால் அடைத்து ஆணி அடித்திருந்தார். காற்று அந்த அறைக்குள் நுழைந்து எத்தனை காலமோ. உள்ளே இருந்த காற்று அவர் மூச்சிலேயே போய் வந்து, துவைக்காத துணிபோலக் கசங்கிக் கிடந்தது. கம்பளத்தில் அவர் காலுறையின் வாசம் குடும்பத்தோடு குடியேறியிருந்தது. பாட்டுப் போடுவதற்கு முன்னால் சுண்டுவிரல் நகத்தைக் காதுக்குள் செலுத்தி ஒரு சுற்றுச் சுற்றுவார். வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். நாற்காலிக் கைப்பிடியில் துடைப்பார். அந்தக் கைப்பிடிக்கு இருந்த மினுமினுப்பு எந்தத் தச்சராலும் கொண்டுவர முடியாதது.

இந்த அறைக்குள் நான் வலியப் போனதற்குக் காரணம் என் தங்கை.

அவள் கல்லூரியில் பாடியவள். சும்மா இல்லை, ரெக்கார்டில் பாடியவள். கல்லூரிப் பாட்டுக்குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முழுக்க அவள் குரல் மட்டும்தான். கல்யாணமான புதிதில் அந்தத் தட்டை ஆசையாகக் கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். காதுத்துரை அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, மனைவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தை: "மத்தவங்க எல்லாம் நல்லாப் பாடியிருக்காங்க. உன் குரல்தான் ச-ங்கற எழுத்து வர்ற இடத்துல எல்லாம் சீறுது."

அன்றோடு நிறுத்தினாள். தாலாட்டுக்குக்கூட வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் ரேடியோ கேட்டுத்தான் தூங்கின.

இப்போது, இந்த வயதில், பல் டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்தபோது ஆள் இல்லையென்று நினைத்து ஏதோ முணுமுணுத்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் ஒரு பாட்டு டீச்சர் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். வலியை மறந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய குழுவில் தனிக்குரலுக்கு ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்றாராம்.

"வரலன்னு சொல்லிடப் போறேன் அக்கா," என்றாள் தங்கை. அன்று சனிக்கிழமை காலை.

"ஏன்டி?"

"என் குரல் சீறும். கூட்டத்துல அசிங்கப்படணுமா?"

"எவன் சொன்னது? ஒரே ரூம்ல உன்கூடப் படுத்து எந்திரிச்சவ நான். நீ சீறியிருந்தா அப்பவே தலகாணியால அமுக்கியிருப்பேன்."

"ரெக்கார்டுலயே இருக்கே அக்கா. அவரு பொய் சொல்லலாம். ரெக்கார்டு சொல்லுமா?"

அந்தத் தட்டை என் காதால் கேட்டுவிடுவது என்று மாடி ஏறினேன். ஏறினவளைத்தான் அவர் எச்சில் விரலோடு வரவேற்றார்.

இரண்டாம் பக்கத்தைப் போட்டார். முதல் பாட்டு பன்னீர் தெளித்தது மாதிரி வந்தது. ஊசி உள்ளே போகப் போக, ஏதோ மப்பு. கடைசிப் பாட்டு வந்தது. அதில் சிறகு, சிறகு என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சிறகுக்கும் காய்ந்த எண்ணெயில் யாரோ தண்ணீரை உதறினார்கள். சொய்ங்! என் தங்கை கதவோரம் நின்று, ஒவ்வொரு சிறகுக்கும் தோளைக் குறுக்கினாள். காதுத்துரை கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, மரண அறிவிப்பு வாசிப்பவர் முகத்தோடு தலையை ஆட்டினார்.

"பாத்தீங்களா அண்ணி? மெஷின்ல குறையே கிடையாது. அது இவ வாயிலேர்ந்து வந்தது."

"ஊசி கோணலா நிக்கலாமில்ல?" என்றேன். மைக்ராஸ்கோப்போடு வாழ்ந்தவளுக்கு முதலில் வருகிற சந்தேகம் அதுதான்.

கேட்டிருக்கக் கூடாது. முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. பேசப் பேச வாயோரத்தில் வெள்ளையாக நுரை சேரும் அவருக்கு. அது எப்போது என் மேல் விழும் என்று பார்த்துக்கொண்டே பாடம் கேட்டேன்.

விஷயம் இதுதான். தட்டைச் செதுக்கிய கருவி, விளிம்பிலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் போகும். ஆனால் வீட்டு மெஷினின் கை ஒரு மூலையில் மாட்டியிருக்கிறது. கதவு திறப்பதுபோல் வளைந்துதான் உள்ளே வரும். அதனால் அதன் தலையில் இருக்கும் கார்ட்ரிட்ஜும், அதாவது ஊசியைத் தாங்குகிற சின்னப் பெட்டியும், ஊசியும் தடத்துக்கு நேராக நிற்பது ஒரு பக்கத்தில் இரண்டே இடத்தில்தான். மற்ற இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் கோணல். அந்த இரண்டு இடம் எங்கே வரவேண்டும் என்று தீர்மானிக்கலாம். கார்ட்ரிட்ஜை முன்னே பின்னே நகர்த்தி, திருப்பி, திருகாணியை இறுக்கினால் ஆயிற்று.

"மூணு முறை இருக்கு அண்ணி. ஒண்ணு, கோணலைப் பக்கம் முழுக்கச் சமமாப் பங்கு போடறது. இன்னொண்ணு, நடுவுல சுத்தமா இருக்கும், ஓரங்கள்ல போனாப் போகுதுன்னு விட்டுடறது. மூணாவது, கடைசியில நேரா நிக்க வைக்கறது. அங்க தடம் நெருக்கமா இருக்கும், கோணல் அங்கதான் ரொம்பக் கேக்கும்."

"நீங்க எது வச்சிருக்கீங்க?"

"சமம். மூணாவது எல்லாம் விவரம் இல்லாதவன் வைக்கறது. ஒரு பாட்டுக்காக மத்த பாட்டையெல்லாம் கெடுப்பானா?"

எதிரே கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், அந்த ஒரு பாட்டு.

வீட்டுக்கு நடந்து போய் என் பழைய மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஓய்வுபெற்றபோது கூடத்தில் எனக்குக் கொடுத்த பரிசு அது. மற்றவர்களுக்குச் சுவர்க்கடிகாரம், எனக்கு இது. மெஷின் கையின் தலையோடு அவர் கழற்றித் தந்த கார்ட்ரிட்ஜைக் கவிழ்த்து வைத்து, ஊசி முனையைப் பார்த்தேன்.

தங்கமே, முத்தே, என்ன காட்சி! ஊசியைக் காணவில்லை. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குப்பைமேடு. தூசி, கம்பள நூல், தலைப்பொடுகு, ஒரு மயிர், அது காது மயிரா மூக்கு மயிரா என்று பிரித்துச் சொல்ல இன்னும் பெரிய லென்ஸ் வேண்டும். இத்தனைக்கும் மேலே, பல வருடத்து எச்சில் காய்ந்து, மெருகு போட்டதுபோல் எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டியாகப் பிடித்திருந்தது. என் உத்தியோக காலம் முழுக்கப் பார்த்த மாதிரிகளை ஒரே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினாலும் இவ்வளவு ஊட்டமாக ஒன்று வந்திருக்காது. முகஜாடை பார்த்து ஒரு பெயர்கூட வைத்திருக்கலாம், அவ்வளவு வளர்ந்திருந்தது.

"பாருங்க மாப்ளே, உங்க வாய்க்குள்ள இருக்கறது வெளியிலயும் குடும்பம் நடத்துது," என்றேன்.

பார்த்தார். கண்ணை மாற்றி வைத்து மறுபடி பார்த்தார். பிறகு, "எச்சில்ல கிருமிநாசினி இருக்கு அண்ணி," என்றார்.

"ஆமா. அதான் கிருமியெல்லாம் வந்து சேந்து குடியிருக்கு."

தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா குமட்டலா தெரியவில்லை. மெல்லிய தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு, பின்னாலிருந்து முன்னால் இழுத்து இழுத்துச் சுத்தம் செய்தேன். எச்சில் பாறை விடுகிற வழியாக இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், துடைத்த பஞ்சை வைத்து ஒரு தலையணை தைத்திருக்கலாம். கடைசியில் வைரமுனை பளிச்சென்று வெளியே வந்தது, சிறையிலிருந்து விடுதலையான அப்பாவிபோல.

திரும்ப மாட்டி, கடைசிப் பாட்டைப் போட்டார். முதல் வரி தெளிந்திருந்தது. தங்கை ஒரு எட்டு முன்னால் வந்தாள். சிறகு வந்தது.

சொய்ங்.

அவள் அந்த எட்டைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

இப்போது காதுத்துரை செய்ததைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது. அவருக்கு சந்தோஷம். மனைவியின் குரல் கோணல் என்று நிரூபணமாகிவிட்ட சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். "நான் என்ன சொன்னேன்! ஊசியும் சுத்தம், மெஷினும் சுத்தம். குரல்தான். பரவால்ல விடு, எல்லாருக்கும் எல்லாம் வருமா? நீ டிபன் நல்லாப் பண்றியே." எச்சிலைப் பார்த்தபோது வந்ததெல்லாம் ஒரு குமட்டலா? அது வயிற்றோடு நின்றது. இது அதற்கு மேலே ஏறி, நெஞ்சில் வந்து அடைத்துக்கொண்டது.

"தட்டைக் குடுங்க, எடுத்து வச்சிடறேன்," என்றாள் தங்கை. குரல் தரையில் கிடந்தது. "டீச்சருக்கு ஃபோன் பண்ணணும்."

மேஜையில் கார்ட்ரிட்ஜ் பொருத்தும் அளவுத்தாள் கிடந்தது. தாள் என்றால் காகிதம் இல்லை, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். கல்யாணத்துக்கு முன்பே ஏதோ பத்திரிகையில் வந்த படத்தை ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் நகல் எடுத்து வைத்திருந்தாராம். மெஷின்கள் மாறின, கார்ட்ரிட்ஜ்கள் மாறின, அந்தத் தாள் மட்டும் மாறவில்லை. அதன் ஓட்டையைத் தட்டு மாட்டும் கம்பியில் நுழைத்து, வரைந்திருக்கும் புள்ளிகளில் ஊசியை வைத்து, கோடுகளுக்கு நேராகக் கார்ட்ரிட்ஜைத் திருப்ப வேண்டும். அவர் அதைத் துடைத்து, உறை போட்டு, சாமி படத்தைவிட மரியாதையாக வைத்திருந்தார்.

தங்கை தட்டை உறையில் போடப் போனாள். மேஜையில் இருந்த கொஞ்ச இடத்தில் தட்டை வைத்து அந்தத் தாளை அதன் மேலே வைத்தாள். ஓட்டைக்கு நேர் ஓட்டையாக வைத்தாள். எதையும் அப்படித்தான் அடுக்குவாள். வைத்தவள் குனிந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

"ஏங்க, இந்த உள் வட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"பாட்டு முடியற இடம். அதுக்கு உள்ள தடம் கிடையாது. அதெல்லாம் உனக்குப் புரியாது."

"பாட்டு முடியற இடம்னா, அது ஏன் என் பாட்டு நடுவுல போகுது?"

நானும் குனிந்தேன். தட்டில் ஒவ்வொரு பாட்டும் தனி வளையமாகத் தெரியும் அல்லவா? பாட்டு முடிந்துவிட்டது என்று தாள் சொன்ன வட்டத்துக்கும் உள்ளே, என் தங்கை இன்னும் பாதிப் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. வெளி வட்டத்தைப் பார்த்தேன். அது தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே மேஜையில் நடந்துகொண்டிருந்தது. தாளில் இருந்த தட்டு, உண்மையான தட்டைவிடப் பெரியது.

"மாப்ளே," என்றேன், எவ்வளவு இனிமையாக முடியுமோ அவ்வளவு இனிமையாக, "இதை நகல் எடுக்கும்போது ஏதாவது பண்ணீங்களா?"

அவர் காதுக்குப் போன சுண்டுவிரல் பாதி வழியில் நின்றது.

"எழுத்தெல்லாம் பொடிசா இருந்துது அண்ணி. அப்ப நான் கண்ணாடி போடறதில்ல."

"அதனால?"

"கொஞ்சம் பெருசாக்கினேன்."

"கொஞ்சம்னா?"

"கண்ணுக்குத் தெரியற அளவுக்கு."

அறையில் மூன்று பேர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அறையில் அதுவே தண்டனை. லிஃப்டில் மயிரிழை பார்ப்பவர், அளவுத்தாளைக் கண் தெரியவில்லை என்று பெரிதாக்கி, அது காட்டிய பொய்யான புள்ளிகளில் ஊசியை நேராக நிறுத்தியிருக்கிறார். கார்ட்ரிட்ஜைப் பார்த்தேன். அதன் திருகாணிகள் தலையின் ஓட்டையில் முன்கோடி வரை முட்டிக்கொண்டு நின்றன, நெரிசல் பஸ்ஸின் படியில் தொங்குகிறவன் மாதிரி. இவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறதே என்று ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா? அவர் சமமாகப் பங்கு போட்டதாகச் சொன்ன கோணல் சமமாகவே இல்லை. வெளியே நகர்ந்துபோன புள்ளிகள் முதல் பாட்டுக்காரர்களைக் குளிப்பாட்டிவிட்டு, கடைசியில் நின்றவளின் தலையில் கழிவுநீரைக் கொட்டிக்கொண்டிருந்தன.

தங்கை தாளை எடுத்து, இரண்டாக மடித்தாள். பிளாஸ்டிக் மடங்க மறுத்தது. மறுபடி மடித்தாள். அதைக் கொண்டுபோய்க் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள், அவருடைய நாற்காலியில், கைப்பிடியில் படாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு.

"சரியான அளவுல ஒண்ணு எடுங்க," என்றாள்.

வீட்டு பிரிண்டரில் எடுத்தார். நான் ஸ்கேலை வைத்து அளந்து, அதே ஸ்கேலால் அவர் முதுகைத் தட்டி, சரி என்றேன். அந்தத் தாளில் மூன்று முறைக்கும் புள்ளிகள் இருந்தன. அவர் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் முறையின் புள்ளிக்குக் குனிந்தார்.

"மூணாவது," என்றாள் தங்கை.

"இல்லம்மா, நான் சொல்றதக் கேளு. சமமா வச்சாலே இப்ப உன் பாட்டு நல்லாத்தான் இருக்கும். மூணாவது வச்சா நடுவுல வர்ற பாட்டெல்லாம் கொஞ்சம் பாதிக்கும்."

"பாதிக்கட்டும். இத்தனை வருஷம் அவங்கதான நல்லாப் பாடினாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலில் ஆணி அடித்த போர்வையை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம். திருகாணியோ எறும்பின் கண் அளவு. அவர் விரலோ வாழைப்பூ. தங்கை டார்ச் பிடித்தாள். ஒரு சொட்டு வியர்வை மூக்கு நுனியில் உருண்டு, ஊசிக்கு நேர் மேலே ஊஞ்சலாடியது, "தொடைங்க!" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது. கார்ட்ரிட்ஜ் பின்னுக்கு வந்தது. கொஞ்சம் திரும்பியது. கடைசிப் புள்ளியில், பாட்டு முடிகிற இடத்தை ஒட்டி, தாளின் கோட்டோடு கோடாக நின்றது. இறுக்கினார். பழக்க தோஷத்தில் விரல் வாய்ப்பக்கம் போனது.

"வெட்டிடுவேன்," என்றாள் தங்கை. டார்ச்சை ஆட்டக்கூட இல்லை.

பாட்டைப் போட்டார்.

சிறகு வந்தது. சிறகாகவே வந்தது. எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு பெண்பிள்ளை, பத்தொன்பதோ இருபதோ வயது, பயமே இல்லாமல் வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாள். அந்த நாற்றமெடுத்த அறைக்குள் யாரோ போர்வையைக் கிழித்து ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. என் தங்கை தோளைக் குறுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். குறுக்க வேலை இல்லாமல் போய், தோள் தானே இறங்கியது. கடைசிக்கு முந்தின வரியில், மேலே போகிற இடத்தில், குரல் சின்னதாக ஒரு தடவை உடைந்தது.

காதுத்துரை வாயைத் திறந்தார்.

"அது நான்," என்றாள் தங்கை முந்திக்கொண்டு. முகம் முழுக்கச் சிரிப்பு. "அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கிட்டுத்தான் பாடினேன். திரும்பப் போடுங்க, அதைக் கேக்கணும்."

திரும்பப் போட்டார். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய், டீச்சரிடம் வருகிறேன் என்றாள். படியில் இறங்கும்போதே பாடிக்கொண்டு போனாள். சத்தமாக.

இந்த இடத்தில் அவர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றார். டீச்சரிடம் போய், "இவங்க குரலை வெளிய கொண்டுவர நான் பட்ட பாடு இருக்கே, எல்லாம் அலைன்மென்ட்தான்," என்றார். டீச்சர், கன்ன வீக்கம் வற்றிய மகிழ்ச்சியில், பெரிய மனிதர் என்று கும்பிட்டார். எனக்கு மறுபடியும் குளியலறை எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது.

தங்கை அந்தப் பழைய தட்டுப் பாட்டையே பாடத் தொடங்கினாள். கூடம் நிறைந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் முன்னாடி தள்ளி, லேசா இடது பக்கம் திரும்பி நின்னா இன்னும் சுத்தமா வரும் அண்ணி," என்று கிசுகிசுத்தார். அவள் பாட்டுத்தாளின் அடுத்த பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தாள். மனைவிக்கு உதவ வேண்டுமென்று அவருக்குப் பொங்கிவிட்டது. எழுந்து போனார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துத் தடவிக்கொண்டு, பக்கம் திருப்பக் கையை நீட்டினார்.

என் தங்கை பாட்டை நிறுத்தவில்லை. ஒரு கையால் தாளை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தி, சுவரோரமாக, எங்கே நின்றால் தனக்கு இடைஞ்சல் இல்லையோ அங்கே நேராக நிறுத்தினாள். சிறகு என்று அடுத்த சொல்லைப் பிடித்தாள்.